உடற்பருமன் குறைக்குஞ் சத்திரசிகிச்சை: அதன் அபாயங்கள் அறியப்பட்ட வரலாறு

யுத்த சரித்திரம் எழுதுவோர் வென்றாரையும் தோற்றாரையும் ஒருங்கே குறித்துச் செல்வர். வைத்திய சரித்திரம் எழுதுவோரிற் பலர் வென்ற சிகிச்சைகளையே வரிசைப்படுத்திக் கூறித் தோற்றவற்றை ஓரிரு வரிகளிற் கடந்து விடுகின்றனர். பென்சிலினின் கதையைப் பாடசாலை மாணவனும் அறிவான். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பல்லாயிரவருக்குச் செய்யப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்ட ஒரு சத்திரசிகிச்சையின் கதையை அறிந்தார் மிகச் சிலர். உடற்பருமனைக் குறைத்தற்பொருட்டு இரைப்பையிலுங் குடலிலுஞ் செய்யப்படும் சத்திரசிகிச்சைகளின் எழுபதாண்டு வரலாறு அத்தகைய தோல்வியொன்றைத் தன் நடுவிற் கொண்டுள்ளது. இன்று இச்சிகிச்சையை நாடி வைத்தியரிடஞ் செல்லும் ஒருவருக்குச் சொல்லப்படும் எச்சரிக்கைகள் எப்போது, எவ்வாறு, யார் பட்ட துன்பத்தால் அறியப்பட்டன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். எழுதுபவன் வைத்தியன் அல்லன், சரித்திரம் கற்பிப்பவன். ஆதலின் எவர் இச்சிகிச்சையைப் பெறலாம், எவர் பெறலாகாது என்று தீர்ப்புக் கூறுதல் ஈண்டு கருதப்படவில்லை.

பருத்த உடலைப் பிணியெனக் கொண்டு அதனைத் தணிக்க முயலுதல் புதிதன்று. பத்தாம் நூற்றாண்டிலே ஸ்பானியத் தீபகற்பத்தின் வடபாலிருந்த லெயோன் இராச்சியத்தை ஆண்ட முதலாஞ் சான்சோ என்னும் அரசன் குதிரையேறவும் இயலாத பருமனுடையவனாயிருந்தான். 958ஆம் ஆண்டிற் பிரபுக்கள் அவனை அரியணையினின்றும் இறக்கினர். அவனுடைய பாட்டியாராகிய நவார் நாட்டு அரசி தோதா, பகைவர் நாடென்றும் பாராது, கோர்தோவாவிலிருந்த முஸ்லிம் காலீபரிடம் அவனை அழைத்துச் சென்றார். காலீபரின் அவையில் இருந்த யூத வைத்தியர் ஹஸ்தாய் இபுனு சப்ருத் அவனை மெலிவித்தார் என்றும், மெலிந்த அரசன் 960ஆம் ஆண்டளவில் இராச்சியத்தை மீளப் பெற்றான் என்றும் சரித்திரம் கூறும். அவனுடைய உதடுகளைத் தைத்து நீராகாரமே கொடுத்தனர் என்று ஒரு கதை வழங்குகின்றது. அது பிற்காலத்தார் புனைந்ததாகவும் இருக்கலாம். எவ்வாறாயினும், உண்ணும் வாயிலை அடைத்தல் என்னும் எண்ணம் மனிதர் மனத்தில் நெடுங்காலமாக இருந்து வந்தமைக்கு அக்கதையே சான்று. ஆயிரம் ஆண்டுகளின் பின்னர், 1970களில், நோயாளரின் தாடைகளைக் கம்பியாற் பிணித்து வைத்த வைத்தியரும் இருந்தனர். கம்பி அவிழ்க்கப்பட்டதும் இழந்த நிறை மீண்டும் ஏறியது.

மருந்துகளின் கதை இதனினும் கொடியது. 1933ஆம் ஆண்டிற் கலிபோணியாவிலுள்ள ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் டைநைத்திரோபீனோல் என்னும் இரசாயனப்பொருள் உடலின் எரிவேகத்தைக் கூட்டி நிறையைக் குறைக்கும் எனக் கண்டு வெளியிட்டனர். சில ஆண்டுகளுள் அதனை உண்டாரிற் பலருக்குக் கண்ணிற் படலம் விழுந்தது. உடல் வெப்பம் கட்டுக்கடங்காதேறிச் சிலர் இறந்தனர். 1938இல் இயற்றப்பட்ட அமெரிக்க உணவு மருந்துச் சட்டத்தின்பின் அது வைத்தியத்திலிருந்து விலக்கப்பட்டது. இவ்வனுபவமும் பட்டினிச் சிகிச்சையின் தோல்வியும் சேர்ந்தே சத்திரவைத்தியரை இத்துறைக்கு அழைத்தன எனலாம்.

இனிச் சத்திரசிகிச்சையின் தொடக்கத்தை நோக்குவாம். சுவீடன் நாட்டுக் கொதன்பேர்க் நகரத்து வைத்தியர் ஹென்றிக்சன் என்பார் 1952ஆம் ஆண்டளவில் ஒரு பெண்ணின் சிறுகுடலிற் பெரும்பகுதியை வெட்டியகற்றினார் என்பது பதிவாகியுள்ளது. வெட்டியது வெட்டியதே; அதனை மீளப் பொருத்த இயலாது. குடலை அகற்றாது, உணவு செல்லும் வழியை மாத்திரம் மாற்றிவிடுதல் தக்கதென்னும் கருத்து அமெரிக்காவின் மினசோற்றா மாநிலத்திற் பிறந்தது. அங்கே கிறெமன், லினர், நெல்சன் ஆகிய மூவரும் நாய்களின் சிறுகுடலில் எப்பகுதி எச்சத்தை உறிஞ்சுகின்றதென்பதை ஆராய்ந்து 1954ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஆராய்ச்சியின் நோக்கம் போசணையை அறிதலே. ஆயினும் அதிலிருந்து பருமனைக் குறைக்கும் வழியொன்றும் புலப்பட, அதனை மனிதரிலும் செய்து பார்த்தனர். அதே மாநிலத்தில் வாக்கோ என்பார் 1953இலேயே இவ்வாறு செய்தார் என்பர். அவர் அதனை எழுதி வெளியிடவில்லை.

மனிதரின் சிறுகுடல் ஏறக்குறைய இருபது அடி நீளமுடையது. உணவிலுள்ள சத்துக்கள் யாவும் பெரும்பாலும் அங்கேயே உறிஞ்சப்படுகின்றன. அந்நீளத்தைச் சுருக்கிவிட்டால் உண்டது உடலிற் சேராது. உடல் தன் கொழுப்பையே எரித்துக்கொள்ளும். கூற்று எளிது, கேட்போர் மனத்தை உடனே கவர்வது. லொஸ் ஏஞ்சலீஸ் நகரத்துப் பெயின், டிவின்ட் என்னும் வைத்தியர்கள் 1956 தொட்டு இவ்வழியிற் சென்றனர். முதலில் அவர்கள் சிறுகுடலின் மேற்பகுதியை நேரே பெருங்குடலோடு இணைத்தனர். பத்து நோயாளரைப்பற்றிய அவ்வறிக்கை 1963இல் வெளியாயிற்று. நிறை மிக விரைவாகக் குறைந்தது. கூடவே ஓயாத வயிற்றோட்டமும், குருதியிற் பொட்டாசியம் முதலிய உப்புக்களின் குறைவும் நேர்ந்தன. விரும்பிய நிறை வந்ததும் குடலைப் பழையபடி இணைத்துவிடலாம் என்பது அவர்களுடைய திட்டம். இணைத்தனர், போன நிறை திரும்பி வந்தது. ஈண்டு ஒன்று கவனிக்கற்பாலது. மீட்டுக்கொள்ளக்கூடிய சிகிச்சை என்னும் நம்பிக்கை அவ்விடத்திலேயே பொய்த்துவிட்டது. நிறை குறைந்தே இருத்தல் வேண்டுமெனில் குடல் மாற்றப்பட்டே இருத்தல் வேண்டும். ஆயுள் முழுவதும் அவ்வாறே இருத்தல் வேண்டும்.

ஆகவே ஆயுள் முழுவதும் உடல் தாங்கக்கூடிய அளவு யாது என்று தேடலாயினர். 1969ஆம் ஆண்டில் அவ்விருவரும் புதிய முறையொன்றை வெளியிட்டனர். மேற்சிறுகுடலிற் பதினான்கு அங்குலமும் கீழ்ச்சிறுகுடலில் நான்கு அங்குலமும் மாத்திரம் உணவுப் பாதையில் விடப்பட்டன. ஏனைய குடல் முழுவதும், ஏறக்குறைய பதினெட்டு அடிக்கு மேற்பட்டது, ஒருபுறம் அடைக்கப்பட்டு வெறுங்குழாயாய் வயிற்றினுள்ளே கிடந்தது. பதினான்கும் நான்கும் என்ற அவ்வளவு வைத்தியருலகில் ஒரு சூத்திரம் போலப் பரவியது. மருந்தாலும் உணவுக்கட்டுப்பாட்டாலும் இயலாததைச் செய்த முறையென்று அது போற்றப்பட்டது. முதலாண்டிலும் இரண்டாமாண்டிலும் நோயாளர் மெலிந்தனர். நடக்க மாட்டாதவர் நடந்தனர். குருதியிற் கொழுப்பின் அளவு தாழ்ந்தது. மாநாடுகளிற் காட்டப்பட்டவை அவ்விரண்டாண்டுப் புகைப்படங்களே.

மூன்றாம் ஆண்டும் அதற்கப்பாலும் வந்தவை வேறு. அவற்றுட் சிலவற்றைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். ஏனெனில் இவற்றுள் ஒன்றேனும் வெறும் தற்செயலன்று, ஒவ்வொன்றுக்கும் காரணம் பின்னர் தெளிவாயிற்று.

முதலாவது சிறுநீரகக் கல். சாதாரணமாக நாம் உண்ணும் பசளிக்கீரை, தேயிலை முதலியவற்றிலுள்ள ஒட்சலேற்று என்னும் பொருள் குடலிலே கல்சியத்தோடு கூடி மலத்தோடு கழிந்துவிடும். குடல் சுருங்கியவரிற் கொழுப்பு உறிஞ்சப்படாது எஞ்ச, எஞ்சிய கொழுப்பமிலங்கள் கல்சியத்தைப் பற்றிக்கொண்டன. துணையிழந்த ஒட்சலேற்று பெருங்குடல் வழியே குருதியுட் புகுந்து, சிறுநீரகத்தை அடைந்து, அங்கே கல்லாய்ப் படிந்தது. கல் மாத்திரமாயின் நோவோடு போகும். சிலரில் அது சிறுநீரகத்தின் இழையங்களிலேயே படிந்து அவ்வுறுப்பையே செயலிழக்கச் செய்தது. குடலைத் திறந்த வைத்தியர் ஒருவர், சிறுநீரகத்தைப் பார்த்த வைத்தியர் மற்றொருவர். இருவரும் ஒரே நோயாளரைப் பார்க்கின்றனர் என்பது இருவருக்குந் தெரியாமலே ஆண்டுகள் கழிந்தன.

இரண்டாவது ஈரல் நோய். பருத்தவர் ஈரலிற் கொழுப்புப் படிந்திருத்தல் இயல்பு. மெலிந்தால் அது நீங்குமென எதிர்பார்த்தனர். மாறாகச் சிலரில் அது பெருகிற்று. மதுவே தொடாதவருக்கு மதுவருந்திகளின் ஈரல்நோய் போன்ற நோய் வந்தது. சிலர் அதனால் இறந்தனர். புரதக்குறைவு ஒரு காரணம். மற்றொரு காரணம், உணவோட்டமின்றித் தேங்கிக் கிடந்த பதினெட்டு அடிக் குடலிற் பற்றீரியாக்கள் பெருகி, அவற்றின் நச்சுப்பொருள்கள் ஈரலைச் சென்றடைந்தமை. அந்நச்சுப்பொருள்களே மூட்டுவீக்கத்தையும் தோற்படைகளையும் உண்டாக்கின. முழங்கால் நோவு தீருமென்று சத்திரசிகிச்சை பெற்றவர், மெலிந்த பின்னர் புதியதொரு மூட்டுநோவோடு வந்து நின்றார். உயிர்ச்சத்து ஏயின் குறையால் மாலைக்கண்ணும், டீயின் குறையால் என்பு மென்மையாதலும் இவற்றோடு சேர்ந்தன.

இவ்வளவும் தெரியவந்த பின்னரும், குடலை மீள இணைக்க ஒருப்படாதவர் பலர் இருந்தனர் என்பது மனத்தைத் தொடும் செய்தி. மீண்டும் பருத்துப்போவோம் என்னும் அச்சம் ஈரலும் சிறுநீரகமும் கெடுமென்னும் அச்சத்தினும் வலிதாயிருந்தது. மிகுபருமனுடையார் பேருந்திலும் தொழிலிடத்திலும் உறவினர் நடுவிலும் பட்ட அவமானத்தை அறியாதார் இதனை மூடத்தனம் என்பர். இச்சத்திரசிகிச்சையை நாடினோரை அழகுக்காகச் சென்றோர் எனப் பழித்தல் அக்காலத்தும் இருந்தது, இக்காலத்தும் உளது. அது நியாயமான கருத்தன்று.

1978ஆம் ஆண்டு டிசெம்பரில் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவகம் இப்பொருள்பற்றி ஒரு மாநாடு கூட்டியது. 1980 அளவில் அக்குடல்வழிச் சிகிச்சையைப் பெரும்பாலும் எல்லோரும் கைவிட்டனர். ஏன் இத்துணைக் காலம் சென்றது? வைத்தியரின் பேராசை என்று ஒரு சொல்லில் முடித்துவிடல் எளிது. எனினும் உண்மை அதனினும் சிக்கலானது. சத்திரசிகிச்சைக்குப் பின் நலமாயிருப்பவர் நன்றி கூற மீண்டும் வருவர். நலங்கெட்டவர் ஊர் மாறியிருப்பர், அல்லது வேறு வைத்தியசாலைக்குச் சென்றிருப்பர். நூறு பேருக்குச் செய்து, ஐந்தாண்டின் பின் நாற்பது பேரை மாத்திரம் கண்டு, அந்நாற்பது பேரின் நலத்தையே எழுதுபவர் பொய் கூறுபவரல்லர். ஆனால் காணப்படாத அறுபதின்மரே அவர் அறிக்கையின் மெய்ப்பொருள்.

இதே காலத்தில் மற்றொரு பாதையும் திறந்திருந்தது. அயோவாப் பல்கலைக்கழகத்துச் சத்திரவைத்தியர் எட்வேட் மேசன் என்பார், வயிற்றுப்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதி நீக்கப்பட்டவர் பின்னர் நிறை ஏறாதிருத்தலை அவதானித்தார். குடலைச் சுருக்காது இரைப்பையைச் சுருக்கலாம் என அவர் எண்ணினார். 1966இற் செய்யத் தொடங்கி, இற்றோ என்பாரோடு சேர்ந்து 1967ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டார். இரைப்பையின் மேற்பகுதியிற் சிறியதொரு பை பிரிக்கப்பட்டுச் சிறுகுடலோடு நேரே இணைக்கப்பட்டது. இரைப்பையின் பெரும்பகுதியும் முன்சிறுகுடலும் உணவு காணாது ஒதுங்கின. ஆயினும் சிறுகுடலின் மிகுபகுதி தன் தொழிலைச் செய்தது. இதுவே இரைப்பை மாற்றுவழி எனப்படுவது. 1977இல் கெந்தக்கியைச் சேர்ந்த கிறிபன் என்பார் இதனையும் குடல்வழிச் சிகிச்சையையும் ஒருங்கு வைத்து ஒப்பிட்டு, நிறைக்குறைவில் இரண்டும் ஒத்திருப்பினும் பிற்கால இடர்கள் குடல்வழிச் சிகிச்சையிலேயே மிகுதியென்று காட்டினார். பித்தநீர் இரைப்பைப்பையுள் ஏறாதபடி, சுவிற்சலாந்து வைத்தியர் றூ என்பாரின் பெயரால் வழங்கும் இணைப்பு முறையை அதிற் புகுத்தியவரும் அவரே.

இம்முறைக்கும் அபாயங்கள் உள. தைத்த இடம் கசிந்து இரைப்பைநீர் வயிற்றறையுட் பரவுதல் அவற்றுள் முதன்மையானது. மெலிந்தவருக்கு அவ்வாறு நேரின் வயிறு மரம்போல் விறைத்து நோயைக் காட்டிக்கொடுக்கும். பருத்தவரிற் கொழுப்பு அவ்வடையாளத்தை மறைத்துவிடும். நாடி விரைந்து துடித்தல் ஒன்றே சிலவேளை அறிகுறியாகும். அதனைப் பயமென்றோ நோவென்றோ கருதிக் காலந்தாழ்த்தியமையால் உயிரிழந்தோர் உளர். காலின் நாளங்களில் உறைந்த குருதிக்கட்டி நுரையீரலைச் சென்றடைத்தல் இரண்டாவது. இவ்விரண்டும் சத்திரசிகிச்சையை அடுத்த நாள்களிலும் வாரங்களிலும் நேர்வன. ஆதலின் விரைவில் எண்ணப்பட்டன, தடுக்கும் வழிகளும் விரைவிற் பிறந்தன.

மேசன் தம் முறையின் அபாயத்தைத் தாமே அஞ்சியவர். குடலைத் தொடாது இரைப்பையை மாத்திரம் தையற்கம்பியாற் பிரித்து வாயிலைப் பட்டையாற் குறுக்கும் எளிய முறையை அவர் 1980இல் ஆக்கி, 1982இல் வெளியிட்டார். அது பாதுகாப்பானதென்று உலகெங்கும் பரவிற்று. ஆண்டுகள் செல்லத் தையற்கம்பிகள் பிரிந்தன. வாயில் இறுகி ஓயாத வாந்தி எடுத்தனர் சிலர். திண்ணிய உணவு இறங்காமையால் இனிப்பையும் பனிக்கூழையும் நாடி மீண்டும் பருத்தனர் பலர். அவர்களுக்கு மறுமுறை சத்திரசிகிச்சை வேண்டியதாயிற்று. முன்பு வெட்டித் தைத்த வயிற்றில் மறுமுறை செய்தல் முதன்முறையினும் அபாயம் மிக்கது. முதல்நாள் அபாயம் குறைந்த முறை பத்தாம் ஆண்டில் அபாயம் கூடியதாக மாறிய விந்தை இது. மேசனின் பெருமை, என் மதிப்பில், அவர் ஆக்கிய இரு முறைகளிலும் பெரிதாக, அவர் தொடங்கிய பதிவேட்டிலே உளது. 1983இல் அமைந்த அமெரிக்கச் சத்திரவைத்தியர் சங்கத்தின் முதல் தலைவராயிருந்த அவர், 1980களின் நடுப்பகுதியிற் பல வைத்தியசாலைகளின் நோயாளரை ஒரே ஏட்டிற் பதியும் முறையை அயோவாவில் நிறுவினார். 2020இல் நூறு வயது நிறைந்து காலமானார்.

1991ஆம் ஆண்டில் அதே தேசிய சுகாதார நிறுவகம் மீண்டும் கூடி, உடற்றிணிவுச் சுட்டெண் 40 அல்லது அதற்கு மேற்பட்டவருக்கும், 35இற்கு மேற்பட்டு நீரிழிவு போன்ற கடும்பிணி உடையவருக்கும் இச்சிகிச்சை தகுமென வரையறுத்தது. 165 சென்ரிமீற்றர் உயரமுடைய ஒருவருக்கு 40 என்பது ஏறக்குறைய 109 கிலோகிராம். 35 என்பது 95 கிலோகிராம். இவ்வளவினரே அபாயத்தை ஏற்கத் தக்கார் என்பது அதன் கருத்து. 1994இல் விற்குறோவ், கிளாக் ஆகியோர் வயிற்றைப் பிளக்காது சிறு துளைகள் வழியாக இரைப்பை மாற்றுவழியைச் செய்து காட்டினர். நீண்ட வடுவும் புண்பிளவும் நீங்கின. நீங்கவே, நாடுவோர் தொகை பெருகிற்று. அமெரிக்காவில் 1998ஆம் ஆண்டில் ஏறக்குறைய 13,000 ஆக இருந்த இச்சத்திரசிகிச்சைகள் 2002ஆம் ஆண்டில் 72,000 ஆயின.

செய்வோர் பெருகியபோது தேர்ச்சி பெறாதோரும் பெருகினர். 2005ஆம் ஆண்டில் பிளம் என்பாரும் அவர் துணைவரும், முதியோருக்கும் அங்கவீனருக்குமான அமெரிக்க அரசாங்கக் காப்புறுதி பெற்ற 16,155 பேரின் பதிவுகளை ஆராய்ந்து வெளியிட்டனர். முப்பது நாளுக்குள் நூற்றுக்கு இருவரும், ஓராண்டுக்குள் நூற்றுக்கு 4.6 பேரும் இறந்திருந்தனர். சிறந்த வைத்தியர்கள் தத்தம் நோயாளரைப்பற்றி எழுதிய அறிக்கைகளிற் கண்ட எண்களினும் இது மிகப் பெரிது. அறுபத்தைந்து வயதைக் கடந்தோரிலும், குறைந்த பழக்கமுடைய வைத்தியரிடஞ் சென்றோரிலும் இறப்பு மிகுந்திருந்தது. அடுத்த ஆண்டே அக்காப்புறுதி, தகுதி ஆராய்ந்து ஏற்கப்பட்ட வைத்தியசாலைகளில் மாத்திரமே செலவைத் தருவதென விதித்தது. அவ்விதி 2013 வரை நிலவியது. 2009ஆம் ஆண்டில், தேர்ந்த பத்து இடங்களில் முதன்முறை சத்திரசிகிச்சை பெற்ற 4,776 பேரை ஆராய்ந்தபோது முப்பது நாளுள் இறந்தோர் நூற்றுக்கு 0.3 பேரே, இறப்பு உட்பட ஏதேனுமொரு பெருங்கேடுற்றோர் 4.3 பேர். இரு கூட்டத்தாரும் ஒரே தன்மையரல்லர். முன்னையவருள் முதியரும் நோயாளரும் மிகுதி. ஆயினும் அபாயம் என்பது சத்திரசிகிச்சையின் குணம் மாத்திரமன்று, செய்யும் கையையும் செய்துகொள்ளும் உடலையும் பொறுத்தது என்பது இவ்விரு எண்களையும் அருகருகே வைத்து நோக்குவார்க்குப் புலனாகும்.

நன்மையைக் கூறாது விடுதல் சரித்திரமாகாது. 1995இல் வட கரோலினாவைச் சேர்ந்த போறிஸ் என்பார் பதினான்கு ஆண்டுகளில் இரைப்பை மாற்றுவழி பெற்ற 608 பேரைப்பற்றி எழுதினார்; அவர்களுள் நீரிழிவுடையோரிற் நூற்றுக்கு 83 பேருக்குக் குருதிச் சீனி இயல்புநிலை எய்தியிருந்தது. சுவீடனில் 1987இற் தொடங்கிய பேராராய்ச்சி, சிகிச்சை பெற்ற 2,010 பேரையும், அவர்களை ஒத்த, ஆயின் சத்திரசிகிச்சை பெறாத 2,037 பேரையும் ஒருங்கே தொடர்ந்தது. ஏறத்தாழப் பதினோராண்டின் பின், 2007இல் வந்த முடிபு இது: பெறாதாரில் 129 பேரும் பெற்றாரில் 101 பேரும் இறந்திருந்தனர். சத்திரசிகிச்சையை அடுத்த தொண்ணூறு நாளில் இறந்தோர் ஐவர். அவ்வைவரையும் கணக்கிற் சேர்த்த பின்னரும் பெற்றோரே மிகுதியாக உயிர் வாழ்ந்தனர். இச்சிகிச்சை ஆயுளை நீட்டும் என்பதற்கு அதுவரை இத்துணைத் தெளிவான சான்று இருந்ததில்லை.

அதே ஆண்டில் யூற்றா மாநிலத்தில் அடம்ஸ் என்பார் 7,925 பேரை அத்தொகையினரான வேறு பருத்தவரோடு ஒப்பிட்டு வெளியிட்டதும் அதனையே வலியுறுத்தியது: மொத்த இறப்பு நூற்றுக்கு நாற்பது குறைந்திருந்தது. ஆயின் அவ்வறிக்கையில் எவரும் எதிர்பாராத ஒரு வரி இருந்தது. விபத்து, தற்கொலை முதலிய நோயல்லாத காரணங்களால் நேர்ந்த இறப்பு சிகிச்சை பெற்றாரில் 58 வீதம் மிகுந்திருந்தது. 2012இல் 1,945 பேரை ஆராய்ந்தோர் மற்றொன்று கண்டனர். மதுவுக்கு அடிமையானோர் சிகிச்சைக்கு முன் நூற்றுக்கு 7.6 பேர், பின் முதலாண்டில் 7.3, இரண்டாம் ஆண்டில் 9.6. இரைப்பை மாற்றுவழி பெற்றவர் உடலில் மது விரைந்து குருதியிற் சேர்கின்றமை ஒரு காரணம். முதலாண்டோடு எண்ணுதலை நிறுத்தியிருப்பின் மது தணிந்ததென்றே எழுதியிருப்பர்.

போசணைக் குறைகள் நாமறிந்தவற்றை நினைவூட்டுவன. இரும்புச்சத்து முன்சிறுகுடலிலே உறிஞ்சப்படுவது. அவ்விடம் ஒதுக்கப்படின் சோகை வரும். பீ12 என்னும் உயிர்ச்சத்து உறிஞ்சப்படுவதற்கு இரைப்பையிற் சுரக்கும் ஒரு பொருள் வேண்டும். அது குன்றின் நரம்புகள் தளரும். ஈரலில் ஆண்டுக்கணக்கிற் சேமிப்பு இருப்பதால் இக்குறை உடனே தோன்றாது. தயமின் என்னும் உயிர்ச்சத்தின் சேமிப்போ சில வாரங்களுக்கே போதும். சத்திரசிகிச்சையின் பின் ஓயாது வாந்தியெடுப்பவருக்கு ஒன்றிரண்டு மாதத்துள் கண் பிறழ்ந்து, நடை தள்ளாடி, நினைவு கெட்டுவிடும். உடனே ஊசிமூலம் தயமின் கொடாதுவிடின் அக்கேடு நிலைத்துவிடும். தீட்டிய அரிசியையே உண்டு வாழ்ந்த கீழைத்தேயத்தாரைக் கொன்ற பெரிபெரி என்னும் நோயின் இனத்தது இது. பெரிபெரி என்னும் பெயரும் சிங்களத்திலிருந்து உலக மொழிகட்குச் சென்றதென்பர். வறியவர் நோயென நாம் கற்பித்து வந்த ஒன்று, மிகுந்துண்ணும் நாடுகளின் வைத்தியசாலைகளிற் புதிதாகத் தோன்றியமை சரித்திரத்தின் வினோதங்களுள் ஒன்று.

இரைப்பையின் கழுத்தில் இறுக்கவும் தளர்த்தவும் கூடிய பட்டையைக் கட்டும் முறை அமெரிக்காவில் 2001இல் ஏற்கப்பட்டுச் சில ஆண்டுகள் பெரிதும் விரும்பப்பட்டது. வெட்டுதல் இல்லை, வேண்டாதபோது எடுத்துவிடலாம் என்பன அதன் கவர்ச்சி. பட்டை வழுவுதல், இரைப்பைச் சுவரை அரித்து உட்புகுதல், நிறை போதிய அளவு குறையாமை ஆகியவற்றால் எடுத்துவிடப்பட்டவை பல. அதன் இடத்தை இரைப்பையின் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டதை அகற்றிக் குழாய்போலாக்கும் முறை பிடித்துக்கொண்டது. மிகமிகப் பருத்தவருக்கு இருகட்டமாகச் செய்யப்பட்ட வேறொரு பெருஞ்சிகிச்சையின் முதற்கட்டமாகவே அது இருந்தது. முதற்கட்டத்தோடே பலர் போதிய அளவு மெலியக் கண்டு அதனையே தனிச்சிகிச்சையாக்கினர். இன்று உலகில் மிகுதியாகச் செய்யப்படுவது அதுவே. குடல்வழி மாற்றப்படாமையாற் போசணைக்குறை ஒப்பளவிற் குறைவு. அமிலம் மேலேறி உணவுக்குழாயைப் புண்ணாக்குதல் அதன் தலையாய குறை. அதுவும் முதலாண்டுகளிற் சிறிதாகவும் பின்னர் பெரிதாகவும் கண்டறியப்பட்டது. அகற்றப்பட்ட இரைப்பையைத் திருப்பி வைத்தல் இயலாது.

2022ஆம் ஆண்டிற் சத்திரவைத்தியரின் அமெரிக்க, சர்வதேசச் சங்கங்கள் இரண்டும் சேர்ந்து 1991ஆம் ஆண்டின் எல்லையைத் தளர்த்தின. 35 என்னும் சுட்டெண் உடையவருக்கு வேறு பிணி இல்லாதபோதும் இச்சிகிச்சை தகுமென்றன. ஆசிய மக்களுக்குக் குறைந்த பருமனிலேயே நீரிழிவு வருதலைக் கருதி, அவர்கட்கு 27.5 என்னும் எல்லையை வகுத்தன. மேற்கூறிய உயரமுடைய ஒருவருக்கு அது ஏறக்குறைய 75 கிலோகிராம். நம் ஊர்ச் சந்தையிலும் கந்தோரிலும் நாளும் நாம் காணும் நடுத்தர வயதினர் பலர் இவ்வெல்லைக்குள் அடங்குவர். இலங்கையிலும் இச்சிகிச்சை செய்யப்பட்டு வருகின்றது. 109 கிலோகிராம் நிறையோடு மூச்சுவிட இயலாதிருந்த ஒருவர் ஏற்ற அபாயமும், 75 கிலோகிராம் நிறையோடு தொழிலுக்குச் சென்று வரும் ஒருவர் ஏற்கும் அபாயமும் எண்ணளவில் ஒன்றாயிருப்பினும் எடையளவில் ஒன்றாகா.

இருபத்தைந்து வயதிற் குழாயிரைப்பை பெறும் ஒருவர் இன்னும் ஐம்பது ஆண்டு வாழ்வார் என எதிர்பார்க்கலாம். அச்சிகிச்சை தனியாகச் செய்யப்படத் தொடங்கி இன்னும் முப்பது ஆண்டு நிறையவில்லை. 1970களிற் குடல்வழிச் சிகிச்சை பெற்றவருட் சிலர், சிகிச்சை வழக்கொழிந்து, செய்த வைத்தியரும் ஓய்வுபெற்று, பல ஆண்டுகள் கழிந்த பின்னர்ச் சிறுநீரகம் பழுதுற்று வைத்தியசாலைகளுக்கு வந்தமை மருத்துவ ஏடுகளிற் பதிவாகியுள்ளது. வயிற்றிலிருந்த பழைய வடுவின் பொருள் யாதென்பதை இளம் வைத்தியர்கள் அவர்களிடமே கேட்டறிந்தனர்.